மத்தியானம் சாகிறவர்கள்

வடகோடிக் கடலில் இருக்கும் ஸ்கார்வோய் தீவின் முதியோர் இல்லத்தில் ஒரு ஜன்னல் திறக்க வேண்டுமென்றால் யாராவது செத்தாக வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டடத்தைப் புதுப்பித்தபோது நகராட்சிக்காரர்கள் சுவருக்குள் குழாய்களைப் புதைத்து, இனி இந்த வீடு தானே மூச்சுவிட்டுக்கொள்ளும், யாரும் ஜன்னலைத் தொட வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு சாவி மட்டும் பணியறை அலமாரியில் கறுப்பு நாடா கட்டித் தொங்கியது. யாராவது கண்ணை மூடினால், பக்கத்தில் இருந்த உதவியாளர் அந்தச் சாவியை எடுத்துவந்து ஜன்னலைத் திறப்பார். போகிற உயிருக்கு வழி விட வேண்டாமா? குழாய் வழியாகப் போ என்று சொன்னால் அது எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்குமோ, சமையலறையிலோ, துணி துவைக்கும் இடத்திலோ. பொறியாளர்கள் அதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தச் சாவியை அதிகம் தொட்டவள் சோல்ஃபிரிட். அங்கே செவிலி உதவியாளர். நர்ஸ் இல்லை. மாத்திரையை வாயில் போடலாம், எந்த மாத்திரை என்று தீர்மானிக்க முடியாது. எழுப்புவது, கழுவுவது, துடைப்பது, காலுறை மாட்டுவது, ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, கூட்டிவருவது, மறுபடி கூட்டிப்போவது எல்லாம் அவள் பங்கு. அதற்கு முன்னால் துறைமுகத்து மீன் ஆலையில் காட் மீனைப் பிளந்துகொண்டிருந்தாள். ஆலையை மூடியதும் இங்கே வந்தாள். இரண்டு வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று யாரோ கேட்டதற்கு, "மீனு திரும்பி நம்மளப் பாக்காது" என்றாளாம்.

இப்போது அறுபதைத் தாண்டிவிட்டாள். வலது தோள் தூக்கினால் கிறீச்சிட்டது. அவளுடைய களைப்பு தூங்கிப் போகிற களைப்பு இல்லை. மழையில் நனைந்த கம்பளிச் சட்டை மாதிரி, எப்போதும் மேலே போட்டபடியே இருந்தது. ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது கரண்டியைப் பிடித்தபடி நின்றவாக்கிலேயே தூங்கிவிட்டாள் என்றும், ஊட்டிவிடப்பட வேண்டிய கிழவர் ஸ்வெர்ரெ கரண்டியை வாங்கித் தானும் சாப்பிட்டு அவளுக்கும் இரண்டு வாய் ஊட்டினார் என்றும் இல்லத்தில் ஒரு பேச்சு உண்டு. ஸ்வெர்ரெதான் பரப்பியவர். அதனால் பாதியைத் தள்ளிவிடலாம்.

அந்தக் களைப்பிலும் சோல்ஃபிரிட் ஒன்றை மட்டும் விடவில்லை. கதவைத் தட்டிவிட்டுப் பதில் வரும்வரை வெளியே நிற்பாள். மற்றவர்கள் ஒரு கையால் தட்டி மறு கையால் திறப்பார்கள். தட்டுகிற சத்தமும் திறக்கிற சத்தமும் ஒன்றாகவே கேட்கும். "அவ்வளவு நேரம் எதுக்கு நிக்கிற?" என்று கேட்டால், "அவங்க வீடு. உள்ள கூப்பிடட்டும்" என்பாள். கொஞ்சம் இளைப்பாறவும் ஆயிற்று.

இலையுதிர் காலத்தில் போர்ஹில்ட் வந்து சேர்ந்தாள். தொண்ணூறைத் தாண்டியவள். வெளித்தீவில், கடலைப் பார்த்த வீட்டில், தனியாக இருந்தவள். இடுப்பு எலும்பு முறிந்ததும் கொண்டுவந்து விட்டார்கள். காது மெஷின் இல்லாவிட்டால் இடி விழுந்தாலும் கேட்காது. மூளை மட்டும் மீன் வெட்டும் கத்தி மாதிரி இருந்தது. வாய் அதைவிடக் கூர்மை.

பிறந்ததிலிருந்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அவள் தூங்கியிருக்கிறாள். குளிரோ பனியோ, அதெல்லாம் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் பச்சைக் குழந்தையைக்கூட வண்டியில் போட்டு வாசலில் பனியில்தான் தூங்கவைப்பார்கள். போர்ஹில்ட் தன் நான்கு பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தாள். ஒரு தடவை கண் விழித்துப் பார்த்தால் ஜன்னல் வழியாக வந்த நீர்க்காகம் ஒன்று தன் கால்மாட்டில் குளிர்காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தது என்றும், அது வசந்தம் வரை போகவே இல்லை என்றும் சொல்வாள். அதை நம்பாதவர்கள் அவளிடம் இரண்டாம் முறை பேசுவதில்லை.

இல்லத்தில் அவளால் தூங்க முடியவில்லை.

"ஜன்னலத் தொற புள்ள," என்றாள் முதல் வாரமே.

"பூட்டியிருக்கு போர்ஹில்ட். சுவருக்குள்ளயே காத்து வருது."

"சுவருக்குள்ள எலிதான் வரும். காத்து வெளியிலருந்து வரணும்."

"கேட்டுப் பாக்குறேன்."

"கேட்டுப் பாக்குறது என்ன? இது என் ரூமா, உன் ரூமா?"

"உங்க ரூம்தான்."

"அப்போ யாரக் கேக்கப் போற?"

சோல்ஃபிரிட் போர்வையை இழுத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால், கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. ஜன்னல் திறந்தால் இன்னொரு போர்வை, கம்பளிக் குல்லா, வெந்நீர்ப் பை, திரும்ப வந்து மூடுவது, மூடியபின் அறை சூடாகும்வரை உட்காரவைப்பது. நடக்கவே தெம்பில்லாதவளுக்கு இது இன்னொரு மலை. ஆனாலும் கேட்டாள்.

பிரிவின் பொறுப்பாளர் ஹேகெ. கெட்டவள் இல்லை. மேலே நகராட்சி, கீழே ஆள் பற்றாக்குறை, நடுவே அவள்.

"சளி நெஞ்சுல இறங்கினா யாரு பதில் சொல்றது?" என்றாள் ஹேகெ. "தூக்கம் வரலன்னா டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை தரலாம்."

மாத்திரை வந்தது. போர்ஹில்ட் தூங்கினாள், ஆனால் தூங்க வேண்டிய இடத்தில் இல்லை. சாப்பாட்டு மேஜையில், மீன் சூப்பில் மூக்கு நனைய. மற்ற நேரம் கண்ணைத் திறந்துகொண்டே தூக்கக் கலக்கத்தில் நடந்தாள், வாக்கரைச் சுவரில் இடித்துக்கொண்டு. கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் குளியலறையில் சறுக்கி விழுந்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை, கன்னம் மட்டும் கன்றி நீலமாகிவிட்டது. அந்த நாக்கு அன்று பகல் முழுக்க ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் சோல்ஃபிரிட்டைச் சுட்டது.

மாலை அவளைத் துடைத்துவிடும்போது போர்ஹில்ட் மெதுவாகச் சொன்னாள்: "புள்ள, எனக்கு மாத்திரை வேண்டாம். சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. நான் இன்னும் இருக்கேன்ல?"

"இருக்கீங்க."

"அப்போ ஏன் என்கிட்ட கேக்காம என்னப் பத்திப் பேசுறாங்க?"

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் சோல்ஃபிரிட் பணியறை அலமாரியிலிருந்து கறுப்பு நாடாச் சாவியை எடுத்து மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். வாதாடுவதைவிட அது குறைந்த வேலையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஜன்னல் திறந்தது. ஜனவரி. குளிர்காலத் தொடக்கத்தில் மறைந்த சூரியன் இன்னும் மலைக்கு இந்தப் பக்கம் வரவில்லை. மதியமே நீலம் பூத்துக் கிடந்தது வெளியே. கடலின் உப்பும் பனியும் கலந்த காற்று உள்ளே வந்து திரையைத் தூக்கியது. போர்ஹில்ட் இரண்டு போர்வைக்குள், காதுவரை இழுத்த குல்லாவோடு, காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டாள். மூன்று மாத மூச்சு. அடுத்த நிமிடம் குறட்டை.

சோல்ஃபிரிட் இரவு மாத்திரையைக் கிழவியின் வாயில் வலிய வைப்பதை நிறுத்தினாள். நீட்டுவாள், "வேண்டாம்" என்பாள் போர்ஹில்ட், அதையே சோல்ஃபிரிட் நர்ஸிடம் போய்ச் சொல்வாள். வேண்டாம் என்று சொல்லக் கிழவிக்கு உரிமை உண்டு. நர்ஸும் சரி என்றாள். ஆனால் ஜன்னலைப் பற்றி சோல்ஃபிரிட் யாரிடமும் சொல்லவில்லை.

கட்டடப் பராமரிப்பாளர் ஒட்வாருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. ஓர் அறை குளிர்ந்ததும் சூடேற்றிகள் எல்லாம் கப்பல் இயந்திரம் மாதிரி அலறத் தொடங்கியிருந்தன. கதவருகே வந்து நின்றான்.

"யாரு செத்தா?"

"யாரும் இல்ல."

"அப்போ ஜன்னல்?"

"கொதிகலன் ரூம்ல சிகரெட் வாசனை வருதே ஒட்வார். உனக்கு ஏதாவது தெரியுமா?"

ஒட்வார் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "சூடேத்தி பழசாயிடுச்சு. அதான் சத்தம்," என்றபடி போய்விட்டான்.

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. போர்ஹில்ட்டின் கன்னம் ஆறியது, நாக்குக்குக் கூர் திரும்பியது. அந்தச் சமயத்தில்தான் வெயில் காயப் போன கனாரித் தீவு விடுமுறை முடிந்து டோர்டிஸ் வேலைக்குத் திரும்பினாள்.

டோர்டிஸும் உதவியாளர்தான். மூக்குத் தோல் உரிந்து, அவித்த இறால் நிறத்தில் வந்து நின்றாள். அவளுக்கு ஒரு பெருமை உண்டு: இறந்தவர்களை அவளைப் போல அழகாகப் படுக்கவைக்க இந்தக் கடற்கரையில் ஆள் இல்லை. தலைவாரி, கை கோத்து, தாடைக்குக் கீழ் துண்டைச் சுருட்டி வைத்து, பக்கத்தில் மெழுகுவர்த்தி வைப்பாள். தீப்பிடிக்கும் என்பதால் மெழுகுவர்த்தி பாட்டரியில் எரிவது. அவளுக்கு அதில் வருத்தம்தான்.

அன்று மதியம் சோல்ஃபிரிட் தாழ்வாரக் கோடியிலிருந்த குளியலறையில் வேறொருத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். டோர்டிஸ் துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு போர்ஹில்ட்டின் கதவைத் தட்டினாள், திறந்தாள், இரண்டும் ஒரே சமயத்தில். ஜன்னல் அகலத் திறந்திருந்தது.

அவ்வளவு போதும் அவளுக்கு. இந்த வீட்டில் ஜன்னல் எதற்குத் திறக்கும்? சோல்ஃபிரிட் திறந்துவிட்டு நர்ஸைக் கூப்பிடப் போயிருக்க வேண்டும். படுக்கையில் போர்ஹில்ட் வாய் திறந்து மல்லாந்து கிடந்தாள். நெற்றியைத் தொட்டால் பனிக்கட்டி. அந்த நேரம் பார்த்து அவள் குறட்டையையும் நிறுத்தியிருந்தாள். புருவத்தில் இரண்டு பனித்துளி கரையாமல் நின்றதாக டோர்டிஸ் இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

"போய்ட்டியா தாயி," என்று சொல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள் டோர்டிஸ். குல்லாவைக் கழற்றித் தலை வாரினாள். கை கோத்துவிட்டாள். பாட்டரி மெழுகுவர்த்தியை வைத்துக் கதவை மெல்லச் சாத்தினாள். வழியில் ஒட்வாரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். ஜன்னல் ரகசியத்தை அறிந்தவன் அல்லவா அவன். கிழவியைக் குளிர்தான் கொன்றுவிட்டது என்று நினைத்தான். வாயைத் திறக்காமல் போய்க் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினான்.

காபி நேரத்தில் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வாஃபிள் அப்பம், ஜாம், பழுப்புப் பாலாடைக்கட்டி எல்லாம் மேஜையில். டோர்டிஸ் எழுந்து நின்று செய்தி சொன்னாள். ஒரு நிமிடம் மௌனம். பிறகு துக்கப் பாட்டு ஒன்றைத் தொடங்கினாள். ஸ்வெர்ரெ அடித்தொண்டையில் சேர்ந்துகொண்டார். கண்ணீர் விடுகிறவர்கள் விட்டார்கள், வாஃபிள் சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டார்கள்.

இரண்டாவது சரணத்தில் வாக்கர் உருளும் சத்தம் கேட்டது. காது மெஷினை மாட்டிக்கொண்டு, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு, நடு வகிடு எடுத்து வாரிய தலையோடு போர்ஹில்ட் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டு தெரிந்த பாட்டு. அவளும் பாடினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்த, கடைசியில் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். "யாருக்குப் பாடுறோம்?"

"உனக்குத்தான்," என்றார் ஸ்வெர்ரெ.

"எனக்கா? என்ன விசேஷம்?"

"நீ செத்துட்ட."

போர்ஹில்ட் ஜன்னல் வழியாக அரைக்கம்பக் கொடியைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். "அப்போ என் பங்கு வாஃபிள யாரு தின்னா?" என்றாள்.

ஸ்வெர்ரெ ஜாம் ஒட்டிய விரலை மடித்துக்கொண்டார்.

அதற்குள் ஹேகெ ஓடி வந்தாள். பின்னாலேயே, குளியலறை ஈரம் காயாத கையோடு சோல்ஃபிரிட். டோர்டிஸ் அழுதாள். "ஜன்னல் தொறந்திருந்துச்சு! ஜன்னல் தொறந்திருந்தா வேற என்னன்னு நினைக்கிறது?"

"யாரு தொறந்தது?" என்றாள் ஹேகெ.

சோல்ஃபிரிட் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். மறைக்க யோசிப்பதற்குக்கூட அவளிடம் சக்தி இல்லை.

"நான்தான். ரெண்டு வாரமா."

"கேக்காமலா?"

"கேட்டேன். நீ மாத்திரை குடுத்த."

"சோல்ஃபிரிட், அவங்களுக்கு நிமோனியா வந்திருந்தா? என் தலை போகும். உன்னப் பத்தி நான் மேல எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும்."

"குடு." சோல்ஃபிரிட் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "எனக்கு வாதம் பண்ணத் தெரியாது ஹேகெ. ஆனா ஒண்ணு. அவங்க புத்தி தெளிவா இருக்கு. அது அவங்க வீடு. அவங்க வீட்டு ஜன்னல அவங்களக் கேக்காம நாமதான் பூட்டியிருக்கோம். ஆள உள்ள வச்சுக் கதவப் பூட்டணும்னா சட்டம் வேணும்னு எல்லாருக்கும் தெரியுது. ஜன்னல்னா மட்டும் பொறியாளர் போதுமா?"

ஹேகெ சாவியை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் போர்ஹில்ட் கையைத் தட்டினாள்.

"இங்க பாரு ஹேகெ. இந்த வீட்ல காத்து வேணும்னா சாகணும், அதானே சட்டம்?"

"அப்படி யாரு சொன்னது?"

"சாவி சொல்லுது. சரி, நான் சட்டத்துக்கு அடங்கினவ. நாளைலருந்து தினமும் மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் நான் செத்துடறேன். நீங்க முறைப்படி ஜன்னலத் தொறங்க. காபி நேரத்துக்கு எழுந்துக்கறேன். டோர்டிஸ் தலை வாரி விட்டா நல்லாத்தான் இருக்கு, அதையும் வேணாம்னு சொல்ல மாட்டேன்."

"விளையாடாதீங்க."

"தொண்ணூறு வருஷமா குளிர்ல தூங்கி நான் சாகல. இங்க வந்து சூட்டுல சாகப் பாத்தேன். யாரு விளையாடுறா?"

"நானும் சாகுறேன்," என்றார் ஸ்வெர்ரெ. "செவ்வாயும் வியாழனும் மட்டும். மத்த நாள் சீட்டாட்டம் இருக்கு."

"எனக்கு ஒரு விரக்கடை தொறந்தா போதும்," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். "நான் பாதி செத்தாப் போதுமா?"

ஹேகெ சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு சிரிப்பு போய்விட்டது. கன்றிய தழும்பு மஞ்சளாக இன்னும் மிச்சமிருந்த அந்தக் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் உங்ககிட்ட வந்து கேக்கவே இல்ல, இல்லியா?" என்றாள்.

"இல்ல."

"இப்போ கேக்கறேன். ஜன்னல் வேணுமா?"

"வேணும். ஜலதோஷம் பிடிச்சா அது என் ஜலதோஷம்."

இந்தப் பக்கத்து ஆட்கள் சரி என்று வாயால் சொல்வதில்லை. மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள், அதுதான் சம்மதம். ஹேகெ மூச்சை உள்ளே இழுத்தாள்.

ஒட்வார் ஒவ்வொரு ஜன்னல் பூட்டையும் கழற்றினான். நகராட்சிக்கு ஹேகெ என்ன சமாதானம் சொன்னாளோ, அவளுக்குத்தான் தெரியும். சூடேற்றிகள் அலறி அலறி ஒரு வாரத்தில் பழகிக்கொண்டன.

இதனால் சோல்ஃபிரிட்டுக்கு என்ன கிடைத்தது? வேலை கிடைத்தது. ஒரு ஜன்னலாக இருந்தது ஆறாயிற்று. ஆறு வெந்நீர்ப் பை, ஆறு குல்லா. திறக்க ஒரு நடை, மூட ஒரு நடை. டோர்டிஸ் பாதியை எடுத்துக்கொண்டாள், குற்ற உணர்ச்சியில். இரண்டு பேரும் ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு அறையிலும் தூங்குகிறவரின் மூக்கருகே புறங்கையை நீட்டிப் பார்ப்பார்கள். குளிர்ந்த அறையில் அந்த மூச்சு மட்டும் கையில் வெதுவெதுப்பாகப் படும். தோள் கிறீச்சிட, அடுத்த அறைக்குப் போவாள் சோல்ஃபிரிட். தட்டுவாள். நிற்பாள்.

மே மாதத்தில், வெயில் இரவிலும் போகாத நாட்கள் தொடங்கியபோது, ஒரு மதியம் போர்ஹில்ட்டின் மூக்கருகே நீட்டிய கையில் ஒன்றும் படவில்லை.

சோல்ஃபிரிட் கையை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள். டோர்டிஸ் வந்தாள். "நல்லாப் பாத்தியா?" என்றாள். தானும் பார்த்தாள். கண்ணாடியை வாயருகே பிடித்துப் பார்த்தாள். நர்ஸ் வந்து பார்த்து, டாக்டரும் வந்து பார்த்து, இல்லை என்று சொன்ன பிறகும் டோர்டிஸ் மெழுகுவர்த்தியை எடுத்துவரவில்லை. ஒட்வார் கொடிக்கயிற்றைத் தொட மறுத்துவிட்டான். "காபி நேரம் தாண்டட்டும். எழுந்து வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" காபி நேரம் வந்தது. ஸ்வெர்ரெ ஒரு வாஃபிளை எடுத்துத் தட்டில் வைத்து, அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். யாரும் அதைத் தொடவில்லை. அதற்கப்புறம்தான் கொடி இறங்கியது.

அறையில் சோல்ஃபிரிட் பழக்கத்தில் ஜன்னலைத் திறக்கக் கையைத் தூக்கினாள். அது ஏற்கெனவே திறந்திருந்தது. போகிறவளே காலையில் கேட்டுத் திறந்துவைத்துக்கொண்டிருந்தாள். செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தூக்கிய கையை இறக்கினாள், தோள் கிறீச்சிட்டது. கால்மாட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். காற்று வந்துகொண்டிருந்தது. அன்று அதை மூட அவள் எழுந்திருக்கவில்லை.